தீவகக் கிணறும் தாங்கற் கரைசலும்



புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையில் நின்று படகேறி நயினாதீவுக்கு வழிபாட்டுக்காகச் செல்வோரும், நெடுங்கடலைக் கடந்து நெடுந்தீவுக்குச் செல்வோரும், சுற்றிலும் உப்புநீரையே காண்கின்றனர். ஆயினும் அத்தீவுகளிலே மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். அவ்வாழ்வுக்கு ஆதாரமாய் நிற்பது மழையும், அம்மழையைத் தன் வயிற்றில் ஏந்திக்கொள்ளும் சுண்ணாம்புக் கல்லுமாகும். ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ ஒரு நன்னீர்க் கிணற்றின் அருகே நின்று உள்ளே நோக்கினால், இரசாயன நூல்கள் பல பக்கங்களிற் கூறும் ஒரு தத்துவம் அங்கே அமைதியாகத் தொழிற்படுவதை உணரலாம். அதுவே தாங்கற் கரைசல் என்னும் தத்துவம். அதனை விளக்குவதும், அத்தகைய கரைசலொன்றை நாமே திட்டமிட்டு ஆக்கும் முறையைக் கூறுவதும் இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

முதலில், வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஓர் எளிய சோதனை. செவ்வரத்தம் பூவின் இதழ்கள் சிலவற்றை வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் ஊதா நிறச் சாறு கிடைக்கும். அமிலம் பட்டால் அது சிவக்கும். காரம் பட்டாற் பச்சையாகும். இரண்டு கண்ணாடிக் குவளைகளை எடுத்து, ஒன்றிலே கூரையிலிருந்து பிடித்த தூய மழைநீரையும், மற்றதிலே தீவகத்துக் கிணற்றுநீரையும் ஒரே அளவாக ஊற்றுங்கள். இரண்டிலும் பூச்சாற்றைச் சிறிது சேர்த்தபின், தேசிக்காய்ச் சாற்றைத் துளித்துளியாக விடுங்கள். மழைநீர் ஓரிரு துளியிலேயே சிவந்துவிடும். கிணற்றுநீரோ அத்துளிகளை ஏற்றுக்கொண்டும் அவ்வளவு எளிதில் நிறம் மாறுவதில்லை. மேலும் பல துளிகள் விழுந்த பின்னரே அதுவும் சிவக்கத் தொடங்கும். விழுந்த அமிலம் ஒன்றுதான். ஏற்ற நீர்கள்தாம் வேறு. இந்த வேற்றுமைக்குக் காரணம் யாது?

விடை காண்பதற்கு அமிலத்தை அளக்கும் அளவுகோலை அறிதல் வேண்டும். நீரிலே ஐதரசன் அயன்கள் மிகுந்திருப்பின் அதனை அமிலத் தன்மையுடையது என்கிறோம். இவ்வயன்களின் செறிவைச் சிறிய எண்ணாற் குறிப்பதற்கு, கோப்பன்கேகன் நகரிலே காள்சுபேக் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய சோறன்சன் என்னும் தென்மார்க்கு அறிஞர் 1909 ஆம் ஆண்டிலே பீ.எச். எண்ணை வகுத்தார். தூய நீரின் பீ.எச். ஏழு. ஏழிற் குறைந்தால் அமிலம், கூடினாற் காரம். இவ்வெண் ஒரு படி இறங்குமாயின் ஐதரசன் அயன் பத்து மடங்கு பெருகியது என்பது பொருள். இரண்டு படி இறங்குமாயின் நூறு மடங்கு. ஆகவே பீ.எச். எண்ணில் தோன்றும் சிறிய மாற்றத்தையும் சிறிதென்று எண்ணி விடலாகாது.

இனித் தீவகத்துக் கிணற்றுக்கு வருவோம். வானத்திலிருந்து விழும் மழைத்துளி காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைச் சிறிது கரைத்துக்கொண்டு, ஏறக்குறைய 5.6 என்னும் பீ.எச். எண்ணுடன் நிலத்தை அடைகின்றது. மண்ணிலே வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடுவதால் அங்கே காபனீரொட்சைட்டு மிகுதியாக இருக்கும். அதையும் ஏற்றுக்கொண்டு நீர் கீழே இறங்கும்போது சுண்ணாம்புக் கல்லைச் சந்திக்கின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் தீவுகளுக்கும் அடியிற் கிடக்கும் இக்கல், மயோசீன் என்னும் பழங்காலத்திலே கடலடியிற் படிந்த கல்சியம் காபனேற்று ஆகும். காபனீரொட்சைட்டுக் கரைந்த நீர் இக்கல்லை அரித்து, கரையக்கூடிய கல்சியம் இருகாபனேற்றாக மாற்றுகின்றது. இவ்வாறு கிணற்றை வந்தடையும் நீரில் இரண்டு பொருள்கள் ஒருங்கே இருக்கின்றன. ஒன்று, கரைந்த காபனீரொட்சைட்டாகிய மென்னமிலம். மற்றது, அதன் இணைமூலமாகிய இருகாபனேற்று.

தாங்கற் கரைசலின் மறைபொருள் இவ்விரட்டையிலேயே அடங்கியிருக்கின்றது. வெளியிலிருந்து அமிலம் வந்தால், இருகாபனேற்று அதன் ஐதரசன் அயனைப் பற்றிக்கொண்டு மென்னமிலமாக மாறுகின்றது. வெளியிலிருந்து காரம் வந்தால், மென்னமிலம் தன் ஐதரசன் அயனைக் கொடுத்து அதனைச் சமன்செய்கின்றது. வாங்குவதற்கு ஒருவரும் கொடுப்பதற்கு ஒருவருமாக இருவர் காவல் நிற்கின்றனர். வந்த அமிலம் அழிந்துபோகவில்லை. வலிய வடிவிலிருந்து மெலிய வடிவுக்கு மாறிவிட்டது. தாங்கல் என்னும் சொல்லும் இதனையே உணர்த்துகின்றது. தாக்குதலைத் தடுப்பது அதன் வேலையன்று. தாங்கிக்கொள்வதே அதன் வேலை.

பனைவளம் மிக்க நம் தீவுகளிலே வழங்கும் ஒரு வழக்கத்தோடு இதனை ஒப்பிடலாம். கருப்பநீர் இறக்குவோர் முட்டியின் உட்புறத்தே சுண்ணாம்பு பூசுகின்றனர். சுண்ணாம்பு நீரைக் காரமாக்கி, நுண்ணுயிர்கள் பெருகிச் சாறு கள்ளாகாமற் காக்கின்றது. அதுவும் ஒரு காவலே. ஆயினும் அது ஒற்றைக் காவல். சுண்ணாம்பு கூடினாற் சாறு மிகக் காரமாகும், குறைந்தாற் புளிக்கும். குறித்த ஓர் எண்ணிலே நிலைநிறுத்தும் ஆற்றல் அதற்கு இல்லை. அந்த ஆற்றல் வேண்டுமாயின் அமிலமும் அதன் இணைமூலமும் சேர்ந்தே இருத்தல் வேண்டும்.

இவ்விரட்டையின் கணக்கை அமெரிக்க அறிஞர் எண்டர்சன் 1908 ஆம் ஆண்டிலே எடுத்துக்காட்டினார். பின்னர் தென்மார்க்கு மருத்துவ அறிஞர் ஆசல்பாக்கு அதனை மடக்கை வடிவில் அமைத்தார். அச்சமன்பாட்டைச் சொல்லாற் கூறின் இவ்வளவே: ஒவ்வொரு மென்னமிலத்துக்கும் அதற்கேயுரிய பீ.கே. எண் ஒன்று உண்டு. இணைமூலத்தின் அளவை அமிலத்தின் அளவால் வகுத்து, வரும் ஈவின் மடக்கையை அந்தப் பீ.கே. எண்ணோடு கூட்டினால், கரைசலின் பீ.எச். கிடைக்கும். இரண்டும் சம அளவாயின் ஈவு ஒன்று, அதன் மடக்கை பூச்சியம், ஆகவே பீ.எச். எண்ணும் பீ.கே. எண்ணும் ஒன்றாகும். மூலம் பத்து மடங்காயின் ஒரு படி ஏறும். அமிலம் பத்து மடங்காயின் ஒரு படி இறங்கும்.

உதாரணமாக, ஒரு கிணற்றுநீரின் ஓர் இலீற்றரிலே ஐந்து மில்லிமூல் இருகாபனேற்றும் அரை மில்லிமூல் காபனீரொட்சைட்டும் இருப்பதாகக் கொள்வோம். இவ்வமிலத்தின் பீ.கே. எண் 6.35. ஈவு பத்து, மடக்கை ஒன்று. ஆகவே பீ.எச். 7.35. இந்நீரில் ஒரு மில்லிமூல் ஐதரோகுளோரிக்கமிலத்தைச் சேர்ப்போம். இருகாபனேற்று நான்காகக் குறையும். காபனீரொட்சைட்டு ஒன்றரையாகக் கூடும். கணக்கிட்டால் பீ.எச். ஏறத்தாழ 6.8 என வரும். அதே அளவு அமிலத்தை ஓர் இலீற்றர் தூய நீரிற் சேர்த்தாலோ, பீ.எச். ஏழிலிருந்து மூன்றுக்கு விழுந்துவிடும்; அதாவது ஐதரசன் அயன் பதினாயிரம் மடங்கு பெருகிவிடும். மழைநீர்க் குவளை விரைவிற் சிவந்ததற்கும் கிணற்றுநீர்க் குவளை பொறுத்து நின்றதற்கும் காரணம் இப்பொழுது தெளிவாகும்.

இயற்கை அமைத்த கரைசலைக் கண்டோம். நமக்கு வேண்டிய கரைசலை நாமே அமைப்பது எங்ஙனம்? அதற்கு நான்கு வினாக்களை ஒழுங்காக எழுப்பி விடை காணல் வேண்டும்.

முதலாவது வினா, எந்த இரட்டையைத் தெரிவது என்பது. வேண்டிய பீ.எச். எண்ணுக்கு மிக அண்மையிற் பீ.கே. எண்ணுடைய மென்னமிலத்தையே தெரிதல் வேண்டும். ஒரு படிக்கு மேல் விலகினால், இருவரில் ஒருவர் மிகச் சிறுபான்மையாகி, ஒரு பக்கத்துக் காவல் தளர்ந்துவிடும். அமிலப் பக்கத்தில் ஐந்தையொட்டிய பீ.எச். வேண்டுமாயின், 4.76 என்னும் பீ.கே. எண்ணுடைய அசற்றிக்கமிலம் பொருந்தும். ஏழையொட்டி வேண்டுமாயின், 7.2 அளவிற் பீ.கே. எண்ணுடைய பொசுபேற்று இரட்டை ஏற்றது. ஒன்பதையொட்டி வேண்டுமாயின், 9.25 என்னும் எண்ணுடைய அமோனியம் இரட்டை உதவும்.

இரண்டாவது வினா, இருவரையும் எந்த விகிதத்திற் சேர்ப்பது என்பது. பீ.எச். ஐந்துள்ள கரைசல் நமக்கு வேண்டும் எனக் கொள்வோம். ஐந்திலிருந்து 4.76 ஐக் கழித்தால் 0.24. இதற்குரிய முரண்மடக்கை 1.74. ஆகவே ஒரு பங்கு அசற்றிக்கமிலத்துக்கு 1.74 பங்கு அசற்றேற்று இருத்தல் வேண்டும்.

மூன்றாவது வினா, மொத்தமாக எவ்வளவு சேர்ப்பது என்பது. விகிதம் பீ.எச். எண்ணைத் தீர்மானிக்கின்றது, அளவோ தாங்கும் வலிமையைத் தீர்மானிக்கின்றது. ஓர் இலீற்றரில் மொத்தம் 0.1 மூல் போதுமென முடிவுசெய்தால், அசற்றேற்று 0.0635 மூலும் அமிலம் 0.0365 மூலும் வேண்டும். இதற்கு உப்பைத் தனியே தேட வேண்டியதில்லை. 0.1 மூல், அதாவது ஏறக்குறைய ஆறு கிராம், அசற்றிக்கமிலத்தை நீரிற் கரைத்து, 0.0635 மூல், அதாவது ஏறக்குறைய 2.54 கிராம், சோடியம் ஐதரொட்சைட்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால், அமிலத்தின் ஒரு பகுதி தானே அசற்றேற்றாக மாறிவிடும். பின்னர் ஓர் இலீற்றர் வரை நீரால் நிரப்பி, பீ.எச். மானியினாற் சரிபார்த்துச் சிறிது திருத்திக்கொள்ளலாம். சோடியம் ஐதரொட்சைட்டு தோலையும் கண்ணையும் எரிக்கும் பொருளாதலால், பழகிய கையும் ஆய்வுகூடப் பாதுகாப்பும் இங்கே இன்றியமையாதன.

நான்காவது வினா, நாம் தெரிந்த இரட்டை அதன் சூழலோடு ஒத்துப்போகுமா என்பது. இதனை மறந்து இடர்ப்படுவோர் பலர். பொசுபேற்றுத் தாங்கற் கரைசலைத் தீவகத்துக் கிணற்றுநீரிற் கரைக்க முயன்றால் நீர் கலங்கக்கூடும். அதிலுள்ள கல்சியம் பொசுபேற்றோடு கூடி வீழ்படிவாகி, நாம் வகுத்த விகிதம் சிதைந்துவிடும். ஆகவேதான் காய்ச்சி வடித்த நீர் வேண்டும் என்கிறோம். வெப்பநிலையையும் கவனித்தல் வேண்டும். உயிரிரசாயன ஆய்வுகளிற் பெரிதும் பயன்படும் திரிசு என்னும் தாங்கற் பொருளின் பீ.எச்., ஒவ்வொரு செல்சியசுப் பாகைக்கும் ஏறக்குறைய 0.03 இறங்கும். குளிரூட்டிய அறையில் ஆக்கிய கரைசல் நமது நண்பகல் வெயிலில் வேறொரு கரைசலாகிவிடும்.

இத்தகைய கரைசல்களால் நமக்கு என்ன பயன் என நேயர்கள் வினவலாம். கிணற்றுநீரைச் சோதிக்கச் செல்பவரின் பெட்டியைத் திறந்து பார்த்தால் விடை கிடைக்கும். பீ.எச். மானி தானாக உண்மை கூறுவதில்லை. எண் தெரிந்த கரைசல்களில் அதனைத் தோய்த்து, அதற்கு உண்மையைக் கற்பித்தல் வேண்டும். அதன்பொருட்டுப் பொசுபேற்றால் ஆக்கிய 6.86 என்னும் கரைசலும், வெண்காரத்தால் ஆக்கிய 9.18 என்னும் கரைசலும் வழங்குகின்றன. இவை 25 பாகைக்குரிய எண்கள். 35 பாகையிலே வெண்காரக் கரைசல் 9.10 ஐயே காட்டும். பொசுபேற்றுக் கரைசலோ 6.84 உடன் ஏறக்குறைய நிலைத்து நிற்கும். தீவகத்து நீரின் பீ.எச். பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடையிலேயே அமைவதால் இவ்விரண்டும் பொருத்தமான எல்லைக்கற்கள். மேலும் அந்த அளவீட்டைக் கிணற்றடியிலேயே செய்தல் வேண்டும். திறந்த போத்தலில் நீரை எடுத்துக்கொண்டு படகேறி வந்தால், வழியிலே காபனீரொட்சைட்டு வெளியேறிப் பீ.எச். உயர்ந்துவிடும். அப்போது நாம் அளப்பது கிணற்றை அன்று, போத்தலையே.

எந்தத் தாங்கலுக்கும் எல்லை உண்டு. போத்தலிலுள்ள கரைசலில் மூலம் முழுவதும் தீர்ந்தபின் அடுத்து விழும் அமிலத்தை ஏற்க ஒருவரும் இல்லை. ஆனால் சுண்ணாம்புக் கல்லின் மேல் நிற்கும் கிணறு இவ்வகையில் வேறுபட்டது. அமிலத்தால் இருகாபனேற்றுக் குறைந்து காபனீரொட்சைட்டுக் கூடியவுடன், அக்காபனீரொட்சைட்டே மீண்டும் கல்லைக் கரைத்துப் புதிய இருகாபனேற்றை உண்டாக்குகின்றது. காவலர் குறைந்தால் கல்லிலிருந்து புதுக் காவலர் வருகின்றனர். நமது குருதியும் இவ்வாறான ஒரு திறந்த அமைப்பே. அங்கே இருகாபனேற்றும் கரைந்த காபனீரொட்சைட்டும் ஏறத்தாழ இருபதுக்கு ஒன்றாக நின்று பீ.எச். எண்ணை 7.4 அளவிற் பேணுகின்றன. மிகுந்த காபனீரொட்சைட்டைச் சுவாசப்பை வெளியேற்றுகின்றது. இருகாபனேற்றைச் சிறுநீரகம் காக்கின்றது. உடலுக்குச் சுவாசப்பையும் சிறுநீரகமும் எவ்வாறோ, கிணற்றுக்குக் கல் அவ்வாறு.

இதற்குக் கொடுக்கும் விலைதான் நீரின் வன்மை. கல் கரையுந்தோறும் கல்சியம் கூடுகின்றது. அந்நீரைக் கொதிக்கவைத்தால் காபனீரொட்சைட்டு வெளியேற, இருகாபனேற்று மீண்டும் காபனேற்றாகிக் கேத்திலின் அடியில் வெண்படையாகப் படிகின்றது. சவர்க்காரம் நுரைக்க மறுப்பதும் இதனாலேயே. கேத்திலைச் சுரண்டும் இல்லத்தரசி, மழை கரைத்துக் கொண்டுவந்த கல்லையே மீண்டும் கையில் எடுக்கின்றாள்.

நேயர்களே, இவ்விடத்திலேதான் நான் வற்புறுத்தக் கருதிய செய்தி அமைந்திருக்கின்றது. குடிநீரின் பீ.எச். 6.5 க்கும் 8.5 க்கும் இடையில் இருத்தல் வேண்டும் என இலங்கைக் குடிநீர்த் தரநிலை கூறுகின்றது. சுண்ணாம்புக் கல் தாங்கும் நமது கிணறுகள் இவ்வெல்லைக்குள் பெரும்பாலும் எளிதாக அமைந்துவிடும். பீ.எச். தாளை நனைத்து, நிறம் சரியாய் இருக்கக் கண்டு, நீர் நல்லது என மகிழ்ந்துவிடுதல் இயல்பு. ஆனால் தாங்கல் தாங்குவது அமிலத்தையும் காரத்தையும் மாத்திரமே. கடல் உப்பை அது தாங்குவதில்லை. வயலிலிட்ட யூரியாவும் மலக்குழியின் கழிவும் நைத்திரேற்றாக மாறி நீரில் இறங்கினால் அதனையும் தாங்குவதில்லை. நோய்க்கிருமியையும் தாங்குவதில்லை. இவையெல்லாம் புகுந்த பின்னரும் பீ.எச். எண் பழையபடியே அமைதியாக நிற்கக்கூடும். நல்ல தாங்கலின் அமைதியே தீங்கை மறைக்கும் திரையாகவும் அமையலாம்.

தீவகத்துக்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. தீவின் அடியிலே நன்னீர், கனத்த உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதந்துகொண்டிருக்கின்றது. கொள்கையளவில், கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே நாற்பதடி ஆழம் வரை நன்னீர் நிற்கும். அந்த ஓரடியை இயந்திரத்தால் விரைந்து இறைத்துவிட்டால், கீழிருந்து உவர்நீர் மேலெழும். கிணறு சவராகிவிடும், பீ.எச். மானி ஒன்றுமே சொல்லாது. நைத்திரேற்றின் அளவு இலீற்றருக்கு ஐம்பது மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதனை மிஞ்சிய நீரில் ஆக்கிய பாலைப் புட்டியில் அருந்தும் பச்சிளங் குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, மேனி நீலம் பாயக்கூடும். நீரைக் கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்றுவதால் செறிவு கூடவே செய்யும். ஆகவே பீ.எச். எண்ணோடு மின்கடத்துதிறன், குளோரைட்டு, நைத்திரேற்று, கிருமிச் சோதனை ஆகியவற்றையும் கேட்டுப் பெறுதல் ஒவ்வொரு குடும்பத்தின் உரிமையும் கடமையுமாகும்.

தீவுகளைச் சூழ்ந்த கடலும் இதே காபனேற்று இரட்டையால் தாங்கப்படும் பெருங்கரைசலே. கைத்தொழில் யுகம் தோன்றிய காலத்திலிருந்து மனிதர் எரித்த எரிபொருளின் காபனீரொட்சைட்டில் ஒரு பகுதியை அது ஏற்றுக்கொண்டது. அதனால் உலகக் கடற்பரப்பின் சராசரிப் பீ.எச். ஏறக்குறைய 8.2 இலிருந்து 8.1 க்கு இறங்கியுள்ளது. ஒரு தசமந்தானே என்று எண்ணலாகாது. ஐதரசன் அயன் காற்பங்குக்கு மேற் பெருகியது என்பதே அதன் பொருள். அமிலத்தைத் தாங்கத் தாங்க, பவளப் பூச்சிகள் தம் கூட்டைக் கட்டுதற்கு வேண்டிய காபனேற்று அயன்கள் குறைகின்றன. நெடுந்தீவின் மதில்களிலே அடுக்கிய பவளக் கற்களைக் கண்டோர், முன்னொரு காலத்துக் கடல் எவ்வளவு தாராளமாக அக்கல்லை ஆக்கித் தந்தது என்பதை உணர்வர்.

ஆய்வுகூடத்துப் போத்தலாயினும், கிணறாயினும், கடலாயினும் விதி ஒன்றே. எதைத் தாங்குவது, எவ்வளவு தாங்குவது, எதைத் தாங்காது என்னும் மூன்றையும் அறிந்தவனே தாங்கற் கரைசலை அறிந்தவனாவான். கல் நமக்காகச் செய்வதைக் கல் செய்துகொண்டிருக்கின்றது. அதனாற் செய்ய இயலாததை, அளவாக இறைத்தும், எருவை அளந்து இட்டும், மலக்குழியைக் கிணற்றுக்குத் தொலைவில் அமைத்தும், நாமே செய்துகொள்ளல் வேண்டும்.